தொப்பி தூக்கும் குதிரைக்காரன்

சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையம். காலை பத்து மணி இருக்கும். வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, ரிப்போர்ட்டுக்காக நானும் என் அண்ணன் பழனிவேலும் காத்திருந்தோம். அண்ணனுக்கு இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். அதற்கு முன் எடுக்க வேண்டிய கடைசி டெஸ்ட் இது.

எதிர்ச் சுவரில் பெரிய டிவி. சத்தத்தை அணைத்து வைத்திருந்தார்கள். மேலே ஏதாவது படம் ஓடும். கீழே ஒரு நீலப் பட்டை. ரிப்போர்ட் தயாரானவர்களின் பெயர், வயசு எல்லாம் அதில் வலமிருந்து இடமாக ஊர்ந்து போகும். பெயர் வந்தால் எழுந்து போய் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

பையில் தண்ணீர் பாட்டிலைத் துழாவிவிட்டு நிமிர்ந்தேன். டிவியில் ஒரு பாலைவனம். இரண்டு கள்ளிச்செடி. தூரத்தில் நாலு மரவீடு. ஒல்லிக் குதிரை ஒன்று தூங்கிக்கொண்டே நடந்து வந்தது. அதன் மேல் பெரிய தொப்பியும் அதைவிடப் பெரிய மீசையுமாக ஒருத்தன்.

சட்டென்று எழுந்து அண்ணனுக்கும் டிவிக்கும் நடுவில் போய், முந்தானையைச் சரிசெய்கிற மாதிரி நின்றேன். ஐம்பது வயசுக்கு எனக்கு அகலம் குறைவில்லை. ஆனாலும் அந்த டிவியை மறைக்கிற அளவுக்கு இல்லை.

"தள்ளு தேவி," என்றார் அண்ணன். "பாத்துட்டேன்."

அவரும் எழுந்தார். கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் நிற்கிற மாதிரி நேராக நின்றார். அவர் கண் குதிரைக்காரன் மேல் இல்லை. கீழே ஓடுகிற பட்டையின் மேல் இருந்தது.

அது ஒரு வேடிக்கைப் படம். வெளிநாட்டில் யாரோ, எந்தக் காலத்திலோ, ஜனங்கள் சிரிப்பதற்காக வரைந்த ஏழு நிமிஷக் கார்ட்டூன். குதிரைக்காரன் ஊருக்குள் வருவான். பேங்கைக் கொள்ளையடித்த ஒரு தடியனைத் துரத்துவான். மலையிலிருந்து விழுந்து அப்பளமாவான். எழுந்து தூசி தட்டிக்கொள்வான். கடைசியில் நம்மை நேராகப் பார்த்துத் தொப்பியைத் தூக்குவான். குதிரையும் தன் தொப்பியைத் தூக்கும். அவ்வளவுதான் கதை.

அவன் தொப்பிக்குக் கையைக் கொண்டுபோனான். அப்போது கீழே ஒரு பெயர் நகர்ந்து வந்தது.

'பழனிவேல், 59, ஆண்.'

அது குதிரையின் காலடியில் மெதுவாக ஊர்ந்து, இடது ஓரத்தில் மறைந்தது. கவுன்ட்டரில் இருந்த பெண், "பழனிவேல் சார், ரிப்போர்ட் ரெடி," என்று கூப்பிட்டாள். அண்ணன் நகரவில்லை. நான் போய் வாங்கி வந்தேன்.

ஆட்டோ பிடித்து வீட்டுக்கு வந்தோம். வாசலில் இறங்கியதும் அண்ணன் அண்ணியிடம் சொன்னார்: "திங்கக்கெழம எங்கயும் போறதில்ல. டாக்டருக்கு போன் போட்டு வரலன்னு சொல்லிடு."

அண்ணிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. ஏனென்றால், அந்தக் கோமாளியை ஒரு ஊருக்கே எமனாக்கி வைத்தவள் நான்தான்.

சாதி மதம் இல்லாதவன்

கடலூரில் ஒரு கேபிள் டிவி அறையில் நான் வேலை பார்த்த கதையை வாராவாரம் எழுதும் இந்தத் தொடரில் ஓரிரு இடத்தில் தொட்டிருக்கிறேன். தொட்டதும் வேறு பக்கம் தாவியிருக்கிறேன். கவனித்தவர்கள் கவனித்திருப்பீர்கள். இந்த வாரம் தாவ முடியாது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு மாடி அறை. இரண்டு வீடியோ கேசட் பிளேயர், எழுத்து அடிக்க ஒரு கம்ப்யூட்டர், ஒரு போன், ஒரு ஃபேன். ஓனர் ஆரோக்கியசாமி சார். ஓடுகிற படத்துக்கு அடியில் எழுத்து ஓட்டுவது என் வேலை. 'தையல் வகுப்பு நடைபெறுகிறது', 'மாடு காணவில்லை' என்று எல்லாம் ஓட்டுவேன். ஆனால் ஊர் எங்களை நம்பியிருந்தது சாவுச் செய்திக்குத்தான். பேப்பரில் வருவதற்குள் எடுத்துவிடுவார்கள். நாங்கள் பத்து நிமிஷத்தில் வீடு வீடாகச் சொல்லிவிடுவோம்.

பிரச்சினை, எழுத்துக்கு மேலே என்ன படம் ஓட்டுவது என்பதில் வந்தது. முதல் சாவு ஒரு அரிசிக்கடை முதலாளியுடையது. கீழே அவர் இயற்கை எய்திக்கொண்டிருக்க, மேலே ஒரு கதாநாயகி மழையில் நனைந்து ஆடிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் ஆறு பேர் மாடிப்படி ஏறி வந்தார்கள். சரி, இனிமேல் சாமி பாட்டு என்று முடிவு செய்தோம். அடுத்து செத்தது ஒரு கிறிஸ்தவ டீச்சர். மேலே காவடி ஆடியது. அதற்கும் ஆள் வந்தது. பிறகு சார் தன் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போன கேசட்டைக் கொண்டுவந்தார். மலை, பூ, ஏரி, யாருக்கும் சங்கடமில்லை. நடுநடுவே சாரின் மனைவி ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு கையாட்டுவார். நாலாவது சாவிலேயே அந்தம்மா வந்து கேசட்டைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்.

பாண்டிச்சேரியிலிருந்து மொத்தமாக வாங்கி வந்த பழைய கேசட் கட்டில்தான் இந்தக் கார்ட்டூன் கிடைத்தது. சார் ஒரு தரம் ஓட்டிப் பார்த்தார். படம் முழுக்கப் பிடில் சத்தம்.

"இவனுக்கு சாமி இல்ல, கட்சி இல்ல, ரசிகர் மன்றம் இல்ல. இவன் எந்த ஜாதின்னு எவனும் சண்டைக்கு வர முடியாது. இவனையே போடு தேவி," என்றார். "சத்தத்த மட்டும் நிறுத்திடு. சாவு ஊட்ல பிடில் வாசிக்கக் கூடாது."

சிரிப்புப் படம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லையா என்று நீங்கள் கேட்கலாம். சத்தமில்லாமல் பார்த்திருந்தால் கேட்க மாட்டீர்கள். ஒருத்தன் மலை உச்சியிலிருந்து சத்தமே இல்லாமல் விழுகிறான். வாயைத் திறந்து கத்துகிறான், ஒன்றும் கேட்பதில்லை. தட்டையாகக் கிடக்கிறான். எழுந்து வருகிறான். கீழே, இன்னார், இன்ன தெரு, வயசு எழுபத்திரண்டு, மாலை நான்கு மணிக்கு நல்லடக்கம் என்று ஓடுகிறது. பிறகு அவன் தொப்பியைத் தூக்குகிறான்.

ஒரு நாள் பிளேயர் டேப்பை விழுங்கிவிட்டது. நான் பென்சிலை விட்டுச் சுற்றி வெளியே எடுத்தேன். கடைசிப் பகுதி கசங்கிப்போயிருந்தது. அதிலிருந்து, அவன் தொப்பி தூக்குகிற நேரத்தில் முகத்தின் ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கொண்டு கீழே வரும். பார்ப்பதற்கு, அடியில் ஓடுகிற பெயரைப் படிக்கக் குனிகிற மாதிரி இருக்கும். அந்த அறையில் தனியாக இருக்கும்போது அந்த இடத்தில் நான் தலையைத் திருப்பிக்கொள்வேன். ஆனால் கேசட்டை மாற்ற வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

டம்ளரைக் கீழே வைக்கிற பழக்கம்

யார் ஆரம்பித்தார்களோ தெரியாது. ஒரு வருஷத்துக்குள் ஊரில் ஒரு பழக்கம் வந்துவிட்டது. டீக்கடை டிவியில் குதிரைக்காரன் வந்தால் குடிக்கிற டீயைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்க வேண்டும். பெயர் வருகிறவரை இடத்தை விட்டு நகரக் கூடாது. பெயர் வராமல் கிளம்பினால் செத்தவருக்கு முதுகைக் காட்டுகிற மாதிரி என்றார்கள். சலூனில் பாதி முகத்துக்குச் சோப்பு நுரையோடு நின்றவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

குழந்தைகள் அவனைப் பார்த்தால் அழுதார்கள். ஒரு பெண் போன் செய்து, "எங்க பாப்பாவுக்கு ரெண்டு நாளா காய்ச்சல், உங்க குதிரக்காரன கொஞ்சம் நிறுத்துங்களேன்," என்றாள். கல்யாண வீடுகளில் கேபிள் ஒயரையே பிடுங்கி வைத்தார்கள். ஒரு பெரியவர் மாதத்துக்கு ஒரு தடவை போன் செய்து, தன் பெயர் எங்களிடம் ஏதாவது வந்திருக்கிறதா என்று கேட்பார். இல்லை என்றால் நன்றி சொல்லி வைத்துவிடுவார்.

எனக்கு இதெல்லாம் அப்போது வேடிக்கையாகவும் கொஞ்சம் கர்வமாகவும் இருந்தது. ஒரு பட்டனை அமுக்கி ஒரு ஊரையே எழுந்து நிற்க வைக்க எத்தனை பேரால் முடியும்? அந்தத் திமிருக்கு எனக்குக் கிடைத்ததைத்தான் இனிமேல் எழுத வேண்டும்.

மூன்று தடவை

நல்ல வெயில் நாள். பன்னிரண்டேகால் இருக்கும். சார் சாப்பிடப் போயிருந்தார். நான் மட்டும் இருந்தேன். போன் அடித்தது.

"பாப்பாவா?"

என்னை அப்படிக் கூப்பிடுகிற கோவிந்தன் மாமாவின் குரல். வண்டிப்பாளையத்தில் எங்கள் எதிர்வீடு. தெருவிலேயே அவர் வீட்டில்தான் போன் இருந்தது. தெருவில் யார் செத்தாலும் அவர்தான் எங்களுக்குச் சொல்வார். பெயர், வயசு, எடுக்கிற நேரம் எல்லாவற்றையும் கடகடவென்று ஒப்பிப்பார்.

"ஒரு சாவும்மா," என்றார். "நம்ம தெருதான்."

"பேரு சொல்லுங்க மாமா."

அவர் மூச்சு விடுவது கேட்டது. அவருக்குப் பின்னால், தெருவிலிருந்து, ஒரு பெண் அலறி அழுகிற சத்தம் கேட்டது.

"பேரு… பேரு அப்பறமா சொல்றேன். நீ கார்ட்டூன போட்டு வை பாப்பா."

வைத்துவிட்டார். வேறு யார் போனை எடுத்திருந்தாலும் சொல்லியிருப்பார். என் குரலைக் கேட்டதும் அவருக்கு வாய் வரவில்லை.

எனக்குத் தெரிந்துவிட்டது. இதை நான் இத்தனை வருஷம் யாரிடமும் சொன்னதில்லை என்பதால் இங்கே சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன். பின்னால் அழுதது என் அம்மா. செத்துப்போனது என் அப்பா. போனை வைத்த நொடியிலேயே எனக்குத் தெரியும்.

வீடு சைக்கிளில் கால் மணி நேரம். நான் போகவில்லை. கேசட்டைப் போட்டேன்.

கம்ப்யூட்டரில் பெயர் அடிக்க வேண்டிய இடத்தில் அந்தச் சின்னக் கோடு மினுக்கிக்கொண்டிருந்தது. அடிக்கவில்லை. அடிக்காத வரைக்கும் ஒன்றும் ஆகவில்லை என்று இருந்தது. பைத்தியக்காரத்தனம்தான். மேலே குதிரைக்காரன் வந்தான், விழுந்தான், எழுந்தான். கீழே ஒன்றுமில்லை. முகம் இழுத்துக்கொண்டு குனிகிற இடத்தில் அன்றைக்கு நான் தலையைத் திருப்பவில்லை. அவன் குனிந்து பார்த்த இடம் காலியாக இருந்தது. படம் முடிந்ததும் ரீவைண்ட் செய்தேன். திரை நீலமாக நின்றது. மறுபடியும் போட்டேன்.

போன் அடிக்க ஆரம்பித்தது. "யாரும்மா? பேரே வரலியே?" என்று ஊரே கேட்டது. "வரும்," என்றேன். ஒவ்வொருத்தருக்கும் "வரும், வரும்" என்றே சொன்னேன். மூன்றாவது தடவையும் போட்டேன்.

அது முடிகிற நேரத்தில் சார் வந்தார். அடித்துக்கொண்டிருந்த போனை அவரே எடுத்தார். கோவிந்தன் மாமா இரண்டாவது தடவை கூப்பிட்டிருந்தார். சார் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். போனை வைத்துவிட்டு, என்னை நாற்காலியிலிருந்து எழுப்பினார். ஒற்றை விரலால் தேடித் தேடி என் அப்பாவின் பெயரை அடித்தார். நாலாவது தடவை பெயரோடு ஓடியது. நான் அப்போது ஆட்டோவில் இருந்தேன்.

நீலமா ஒண்ணு

அண்ணன் அப்போது எரிந்துபோன மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை ஒன்றில் வேலை பார்த்தார். அன்றைக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வருகிற வழியில், ரயில்வே கேட் பக்கத்து டீக்கடையில் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த சாயங்காலம் இதை என்னிடம் சொன்னார். எனக்கு மட்டும் சொன்னார்.

"டீ ஆறிப்போச்சி தேவி. பேரு வரல. நீலமா ஒண்ணு வந்து நிக்கிது, மறுபடியும் அவன் வர்றான். மூணாவது வாட்டியும் பேரு இல்ல. கடசீல பேரு வராமலே கெளம்பி வந்தேன். ஊட்டுக்கு வந்தா அம்மா சொல்லுது, இப்பதாண்டா போனாரு, உன்னதாண்டா கூப்ட்டுகினே இருந்தாருன்னு. நான் அங்க நின்னு பொம்ம பாத்துகினு இருந்திருக்கேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: "பேரு ஏன் வரல தெரியுமா? அப்ப அப்பா உசுரோட இருந்தாரு. அது முன்னாடியே வந்துடுச்சி. வந்து காத்துகினு இருந்துச்சி."

அம்மா சொன்ன 'இப்பதான்' துக்கத்தில் சொன்னது. அப்பா பதினோரு மணிக்குத் தோட்டத்துப் பக்கம் விழுந்தவர், பன்னிரண்டுக்குள் முடிந்துவிட்டது. கோவிந்தன் மாமா போன் செய்தபோதே முடிந்துதான் இருந்தது. ஒரே வாக்கியத்தில் அண்ணனிடம் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதைச் சொன்னால், 'பின்ன பேரு ஏன் வரல?' என்று கேட்பார். அதற்கும் பதில் சொல்ல வேண்டும். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த வருஷமே அண்ணன் கடலூரை விட்டுப் போனார். சிதம்பரத்தில் சொந்தமாகக் காயில் கட்டுகிற கடை வைத்தார். குமராட்சிப் பக்கத்து வயல் மோட்டார்கள் எல்லாம் அவரிடம்தான் வரும். கடலூர் வழியாகப் போக வேண்டி வந்தால், பஸ்ஸில் ரயில்வே கேட் தெரியாத பக்கமாகப் பார்த்து உட்காருவார். நான் கல்யாணமாகி வடலூருக்கு வந்தேன். கேபிள் அறையை மூடிவிட்டார்கள். சாரும் அம்மாவும் கோவிந்தன் மாமாவும் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். உண்மை தெரிந்தவள் நான் ஒருத்திதான் மிச்சம் என்று ஆனபோது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. அசிங்கம்தான், ஆனாலும் இருந்தது.

அதே சுருக்கம்

டாக்டரிடம் அண்ணி போனில் பேசினார். தள்ளிப்போட்டால் தான் பொறுப்பில்லை, எப்போது வேண்டுமானாலும் எதுவும் நடக்கலாம் என்று அவர் சொல்லிவிட்டார்.

"நீ சொன்னா கேப்பாரு தேவி. பேசிப் பாரேன்," என்று அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

நான் முதலில் சுலபமான வழியைத்தான் தேடினேன். என் குணம் அது. மறுநாள் காலை தனியாக அந்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போனேன். ஏதோ ஒரு கார்ட்டூன், உலகமெல்லாம் கிடைக்கிற சரக்கு என்று தெரிந்துவிட்டால் அண்ணனிடம் சொல்லிச் சிரிக்கலாம்.

கவுன்ட்டர் பெண்ணிடம் கேட்டேன். "அதுவா மேடம்? டிவி மாட்டுனவரு ஒரு பென்டிரைவ் குடுத்தாரு. கடலூர்ல ஏதோ பழைய கேபிள் ஆபீஸ் சாமானெல்லாம் எடுத்தாராம். அதுல இருந்த கேசட்லேர்ந்து காப்பி பண்ணதாம். நாங்க யாரும் பாக்கறதேயில்ல," என்றாள்.

போடச் சொன்னேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போட்டாள். தொப்பிக்குக் கை போன இடத்தில், முகத்தின் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கீழே இறங்கியது. நான் பென்சில் விட்டுச் சுற்றிய அதே சுருக்கம். அவன் குனிந்தான். அடியில் யாரோ ஒரு அம்மாளின் பெயர், வயசோடு, போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கெட் தின்றுகொண்டிருந்தார். நான் வெளியே வந்து நெடுநேரம் வெயிலில் நின்றேன்.

அண்ணனிடம் அதைச் சொல்லவில்லை. போனில் அந்தப் படத்தையே தேடிப் பிடித்தேன். பளிச்சென்று, பிடிலும் சிரிப்புமாக, நல்ல பிரிண்ட்டாகக் கிடைத்தது. அண்ணன் முன்னால் நீட்டினேன்.

"பாருண்ணா, சின்னப் புள்ளைங்க சிரிக்கிற படம். இதப் போயி…"

ஏழு நிமிஷமும் பொறுமையாகப் பார்த்தார். போனைத் திருப்பிக் கொடுத்தார்.

"இது வேற. இதுல சுருக்கம் எங்க?" என்றார். "நான் பாத்தது மூஞ்சி இழுத்துகிறவன். அன்னிக்கு பேரு இல்லாம வந்தான், அப்பாவ கூட்டிகினு போனான். இந்த வாட்டி பேரோட வந்திருக்கான். அவ்ளோதான்."

அவர் குரலில் பயமே இல்லை. சினிமா டிக்கெட் கிடைத்தவர் மாதிரி நிம்மதியாக இருந்தார். அது எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

வார்னிஷ் வாசனை

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையில் அண்ணன் மட்டும் இருந்தார். சம்சா வாங்கிக்கொண்டு போயிருந்தேன், அவர் தொடவில்லை. வார்னிஷ் வாசனை மூக்கில் ஏறியது. குமராட்சிக்காரர் ஒருவரின் மோட்டாருக்குத் தாமிரக் கம்பி சுற்றிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சுற்றையும் எண்ண வேண்டும், விட்டுவிட்டால் மோட்டார் எரிந்துவிடும். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

நான் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணா, அன்னிக்கி அது முன்னாடியே வரல," என்றேன்.

அவர் கை நிற்கவில்லை. நான் சொல்லிக்கொண்டே போனேன். போன் வந்தது, கோவிந்தன் மாமாவின் குரல், பின்னால் அம்மா அழுதது, 'பேரு அப்பறமா சொல்றேன்' என்றது. அப்பா அதற்கு முன்னாலேயே போய்விட்டிருந்தது. எனக்குத் தெரிந்தும் பெயர் அடிக்காமல் உட்கார்ந்திருந்தது.

"நீ அங்க நிக்கிறப்ப அப்பா உசுரோட இல்லண்ணா. உன்ன அவரு கூப்ட்டிருந்தா அது பதினோரு மணிக்கு. அப்ப நீ கடையில வேலையா இருந்த. டீக்கடையிலேர்ந்து நீ ஓடி வந்திருந்தாலும் பாத்திருக்க முடியாது. அது ஒண்ணும் வந்து காத்துகினு இல்ல. நான்தான் திருப்பித் திருப்பிப் போட்டுகினு இருந்தேன். பேரு வராததுக்கு நான்தான் காரணம்."

கம்பி சுற்றுவது நின்றது. உதடு அசைவதும் நின்றது.

"எத்தன வாட்டி போட்ட?"

"மூணு."

தலையை ஆட்டினார். சுற்றியிருந்த கம்பி முழுவதையும் பிரித்தார். எண்ணிக்கை போய்விட்டது. ஒன்றிலிருந்து மறுபடியும் சுற்ற ஆரம்பித்தார். என் பக்கம் திரும்பவில்லை. அவர் சுற்றி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தேன். கடையை அவரே பூட்டினார். வீட்டுக்குள் போய் அண்ணியிடம், "பையில லுங்கி ரெண்டு எடுத்து வை. காலையில ஏழு மணிக்கு கெளம்பணும்," என்று சொன்னது வாசலில் நின்ற எனக்குக் கேட்டது.

திங்கட்கிழமை ஆட்டோவில் அண்ணியிடம் மட்டும் பேசிக்கொண்டு வந்தார். செவ்வாய்க்கிழமை ஸ்ட்ரெச்சரில் உள்ளே கொண்டுபோகும்போது அண்ணியைப் பார்த்துச் சிரித்தார். என்னைக் கடந்து போனார்.

ஆறு மணி நேரம் அந்த வராந்தாவில் உட்கார்ந்திருந்தோம். அங்கேயும் ஒரு டிவி இருந்தது. நான் அதற்கு முதுகைக் காட்டி, அண்ணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணி எதைப் பார்த்து முகம் மாறுவாரோ என்று இருந்தது. அவர் முகம் மாறவில்லை. சாயங்காலம் டாக்டர் வெளியே வந்து, நல்லபடியாக முடிந்தது என்றார்.

நாலாம் நாள் வார்டுக்கு மாற்றினார்கள். அண்ணி கஞ்சி வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணன் கண்ணை மூடிப் படுத்திருந்தார். நெஞ்சில் பெரிய கட்டு. தூங்குகிறார் என்று நினைத்து நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

"தேவி."

குரல் காற்றாக வந்தது. நான் குனிந்தேன்.

"இருவது வருசத்துக்கு மேல நான் அந்த டீக்கடையிலயே நின்னுகினு இருக்கேன்," என்றார். "நீ பாத்துகினுதான இருந்த? ஒரு வாட்டி வந்து, வாண்ணா ஊட்டுக்குப் போலாம்னு கூப்ட்டிருக்கலாம்ல?"

ஊசி குத்தியிருந்த அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அவர் கையை இழுத்துக்கொள்ளவில்லை. அண்ணி கஞ்சியோடு வருகிறவரை கண்ணைத் திறக்கவும் இல்லை.